புல்தரையைக் கிளறும் விலங்குகளைத் தடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் புக்கிட் தீமா, அப்பர் தாம்சன் போன்ற காட்டோரப் பகுதிகளில் தரைவீட்டில் குடியிருப்பவர்களுக்கு, முதல் நாள் மாலை பாய் விரித்தது போலிருந்த புல்தரை மறுநாள் விடிந்ததும் ஏர் பூட்டி உழுத வயலாகக் கிடப்பது புதிய காட்சியன்று. ஆத்திரத்தில் உடனே மண்ணைச் சமப்படுத்திவிடாமல், முதலில் அந்தக் குழியருகே குந்தி உட்கார்ந்து அதை நன்றாகப் பார்க்க வேண்டும். வந்தது எந்த விலங்கு, எதைத் தேடி வந்தது என்பது தெரியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்செலவுதான்.

புல் வேரோடு புரண்டு, சால் சாலாக மண் எழும்பி, ஈரத்தில் பிளவுபட்ட குளம்புத் தடம் பதிந்திருந்தால் வந்தது காட்டுப்பன்றி. சுவரோரத்தில் வளையும் அதன் வாயில் மண்குவியலும் தென்பட்டால் உடும்பையோ பெருச்சாளியையோ சந்தேகிக்கலாம். எறும்புப் புற்று பிளந்து கிடந்தால் அலங்கு எனப்படும் எறும்புதின்னி வந்திருக்கக்கூடும். அழிவின் விளிம்பிலுள்ள அந்தப் பிராணி வந்து போனதற்காக ஒரு பிடி மண்ணை இழப்பது நட்டமில்லை என்பது என் கருத்து. பென்சில் நுழையும் அளவில் சிறு துளைகள் மட்டும் இருந்தால் அது மைனாக்களின் வேலை. அவை புழுவைத்தான் பொறுக்குகின்றன, விட்டுவிடலாம்.

பன்றிக்குப் புல் தேவையில்லை. மண்ணுக்குள் இருக்கும் மண்புழு, வண்டுப் புழு, பிள்ளைப்பூச்சி, கோரைக்கிழங்கு ஆகியவற்றைத் தேடித்தான் அது மூக்கால் கிளறுகிறது. பிள்ளைப்பூச்சி இருக்கிறதா என்று அறிய, நான்கு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை இரண்டு மேசைக்கரண்டி கலந்து, ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் சீராக ஊற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் போதும். மண்வெட்டி போன்ற முன்னங்கால்களோடு அவை ஒவ்வொன்றாக மேலே வரும். வண்டுப் புழுவுக்கு இந்தச் சோதனை பயன்படாது. ஓர் அடிச் சதுரத்தில் மூன்று பக்கமும் புல்லை வெட்டி, போர்வையை மடிப்பது போலத் திருப்பிப் பார்த்தால், வேரடியில் கொக்கிபோல வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் தெரியும். ஒன்றிரண்டு இருப்பது இயல்பு; அந்தச் சிறு சதுரத்திலேயே பத்துக்கு மேல் இருந்தால் தோட்டப் பராமரிப்பாளரிடம் சொல்லி அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். மண்புழுவைக் கொல்ல மருந்து தெளிப்பது மட்டும் கூடாது. ஈரத் தரையில் அது இரவில் மேலே வரும் என்பதால், மாலையில் தண்ணீர் பாய்ச்சுவதை விடுத்துக் காலையில் பாய்ச்சினாலே பன்றிக்கான அழைப்பு பாதி குறைந்துவிடும். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். எலும்புத்தூள், மீன் உரம் போன்ற வாசமுள்ள உரங்களைத் தவிருங்கள். விழுந்த மாம்பழத்தையும் ரம்புத்தானையும் இருட்டுவதற்குள் பொறுக்கிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமாவாசையன்று காக்கைக்கென்று புல்தரையோரம் வைக்கும் சோற்றைக் காக்கை மட்டும் தின்பதில்லை. மேலும், சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குகளுக்கு உணவிடுவது குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

வேலி போடுவதானால் உயரத்தைவிட அடிப்பகுதிக்கே கவனம் தேவை, ஏனெனில் பன்றி பெரும்பாலும் தாண்டுவதைவிட அடியில் மூக்கை நுழைத்துத் தூக்கப் பார்க்கும். உறுதியான இரும்புக் கம்பிவலையை மண்ணுக்குள் ஓர் அடி ஆழம் இறக்கி, அதன் கீழ்விளிம்பை வெளிப்புறமாக மடித்துப் புதைத்தால், தோண்டத் தொடங்கும் இடத்திலேயே அதற்குக் கம்பி தட்டும். கதவின் அடி இடைவெளியையும், உங்கள் எல்லைக்குள் இருக்கும் சாக்கடை வாயையும் மறக்க வேண்டாம். சாக்கடைக்குக் கம்பித்தட்டி போடும்போது மழைநீர் தடையின்றி ஓட வேண்டும். மிளகாய்த்தூள் ஒரு மழைக்குத் தாங்காது. மின்னும் விளக்குக்கும் ஒலிக்கருவிக்கும் விலங்குகள் விரைவில் பழகிவிடுகின்றன.

அனுமதியின்றிப் பொறி வைப்பதும் விலங்கைக் கொல்வதும் சட்டப்படி குற்றம். பன்றி திரும்பத் திரும்ப வந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணான 1800-476-1600-ஐ அழைக்கலாம். முற்றத்தில் நேருக்கு நேர் பார்த்துவிட்டால் துடைப்பத்தோடு துரத்தாதீர்கள், கைப்பேசியில் வெளிச்சம் அடித்துப் படமும் எடுக்காதீர்கள். அது வெளியேறும் வழியை மறிக்காமல், முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். 2021 பிப்ரவரியில் பொங்கோலில் ஒரு காட்டுப்பன்றி இருவரைத் தாக்கிக் காயப்படுத்தியது. குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றியிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

பன்றி உழுத புழுதியில் மலைக்குறவர்கள் ஏரின்றியே தினை விதைத்தார்களாம். நமக்கு அந்த வசதி இல்லை, புல்லைத்தான் மீட்க வேண்டும். புரண்ட புல்லை வேர் காய்வதற்குள், அன்று காலையிலேயே திருப்பி வைத்து, காலால் நன்றாக மிதித்து, தண்ணீர் விட்டால், இங்கே ‘கவ் கிராஸ்’ (cow grass) எனப்படும் அகன்ற இலைப் புல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அடிக்கடி கிளறப்படும் இடமாயின், புதுப் புல் பதிக்கும் முன் துருப்பிடிக்காத கம்பிவலையை விரித்து, வளைந்த ஆணிகளால் தரையோடு இறுக்கி, அதன்மேல் இரண்டு விரற்கடை மண்ணிட்டுப் புல்லைப் பதியுங்கள். வலையின் ஓரம் எங்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; அடுத்த முறை புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி அதில் மாட்டிக்கொள்ளும்.