கறளுக்கு மேல் பூச்சு: பழைய வளாகக் கட்டடங்களில் செய்யக்கூடாதவை

போன கிழமை ஒரு திருத்த வேலை பார்க்கப் போனேன். சாரத்தில் நின்ற இளம் பொறியியலாளர், பீமின் அடியில் பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். தலைக்கவசம், அளவு நாடா பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குச் சொல்ல வேறு இருக்கிறது.

எல்லாம் ஒரே வயது என்று நினைப்பது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரி தொடங்கிய இடம், 1974இல் பல்கலைக்கழக வளாகமானது. இப்படி வளர்ந்த இடங்களில் சுவரே சுமை தாங்கும் கட்டடமும், தூணும் பீமும் தாங்கும் கட்டடமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வரைபடம் கிடைத்தாலும் பூச்சைக் கொத்தி உள்ளே பாருங்கள்.

பெயர்ந்த இடத்தை மட்டும் மூடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு விரிவுரை மண்டபம். எங்கே என்று கேட்காதீர்கள். பீமில் மூன்று இடம் வெடித்துக் கம்பி தெரிந்தது. கம்பியைக் கறளிலிருந்து காக்கும் காரம் கொங்கிறீற்றில் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் பினோப்தலீன் கரைசலைத் தெளித்தோம். இளஞ்சிவப்பாக வந்தது, கொங்கிறீற் நல்லது என்று முடிவுகட்டினேன். மேசனார் மட்டும், "சேர், இங்காலயும் தட்டிப் பாருங்கோ, கோறையாக் கேக்குது" என்றார். மதிப்பீட்டில் மூன்று இடத்துக்குத்தான் காசு இருந்தது. கேட்கவில்லை.

இரண்டு மாரி போனது. எங்கள் ஒட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றி வட்டமாகப் புது வெடிப்பு. பிறகு முழுப் பீமையும் திறந்தோம். செலவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். பினோப்தலீன் காரத்தை மட்டும் காட்டும், உப்பைக் காட்டாது. மணலிலோ கலவைத் தண்ணீரிலோ உப்பு வந்திருந்தால், துளையிட்டு ஆழம் ஆழமாகத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். உப்பேறிய கொங்கிறீற்றில் கம்பி ஓரிடத்தில் கரையும். அது கரைவதாலேயே பக்கத்துக் கம்பி தப்பி நிற்கும். கரைந்த இடத்தை உப்பில்லாத கலவையால் மூடியதும், கரையும் முறை பக்கத்துக்கு வந்துவிடுகிறது.

ஆகவே முழுப் பீமையும் தட்டிப் பாருங்கள். கம்பிக்குப் பின்னால் ஓரங்குலம் கொத்தி, கறள் இல்லாத கம்பி தெரியும்வரை நீளவாக்கில் போங்கள். துலக்கிய பின் கம்பியை அளவெடுங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி 10 ஆனால் கண்ணுக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 30 வீதம் போய்விட்டது. அங்கே பூசிப் பயனில்லை, புதுக்கம்பி சேர்க்க வேண்டும். உப்பு பீம் முழுக்க இருந்தால், ஒட்டுப் போடும் யோசனையையே விடுங்கள்.

வகுப்பறையைப் புத்தக அறையாக்குவது

பிரித்தானியத் தரக் கணக்கில் வகுப்பறைத் தளம் தாங்க வேண்டிய சுமை சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 300 கிலோ. புத்தக அடுக்குகளுக்குக் குறைந்தது 650. "மேசையைத் தூக்கிவிட்டு அலுமாரி வைக்கிறோம், அவ்வளவுதானே?" என்பார்கள். அவ்வளவு இல்லை.

சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு

வேண்டாம். ஈரம் உள்ளே அடைபடும்.

முட்டுக்கொடுக்காமல் பீமைக் கொத்துவது

அப்படி ஒரு பீமின் கீழ் நான் நிற்க மாட்டேன்.