பிரிபோசிஷனுக்குப் பின் வினைச்சொல்லை எழுதும் முறை

தமிழில் 'சமை' என்னும் வினையோடு 'இல்' உருபை நேரடியாக ஒட்ட முடியாது. 'சமைப்பது' என்று தொழிற்பெயராக்கிய பிறகே 'அவள் சமைப்பதில் கெட்டிக்காரி' என்கிறோம். ஆங்கிலத்திலும் அட், இன், ஆஃப், ஃபார், வித்தவுட் போன்ற பிரிபோசிஷன்களுக்குப் (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் உருபு போன்ற சொற்கள்) பின் வினை வரவேண்டுமானால், அதை 'இங்' சேர்த்து ஜெரண்டாக்க (தொழிற்பெயராக்க) வேண்டும்: 'ஷீ இஸ் குட் அட் குக்கிங்'.

முதலில் வாக்கியத்தில் பிரிபோசிஷன் எது என்று பாருங்கள். இன்ட்ரஸ்டட் இன், டயர்ட் ஆஃப், அஃப்ரெய்ட் ஆஃப் ஆகியவற்றை இணைச் சொற்களாகவே மனப்பாடம் செய்வது நல்லது. இவற்றுக்குக் குறுக்குவழி கிடையாது.

அடுத்து வினையோடு 'இங்' சேருங்கள். 'மேக்' என்பதன் கடைசி எழுத்தான 'ஈ' நீங்கும். 'சிட்', 'ஸ்விம்' போன்றவற்றில் கடைசி எழுத்து இரட்டிக்கும்.

மூன்றாவதாகக் காலத்தைக் கவனியுங்கள். 'சாப்பிட்ட பிறகு' என்பதில் இறந்தகாலம் இருப்பதால் பலர் 'ஆஃப்டர் ஏட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஆஃப்டர் ஈட்டிங், ஹி வென்ட் டு பெட்' என்பதே சரி. காலத்தை 'வென்ட்' காட்டிவிடுகிறது. ஆனால் 'ஆஃப்டர் ஹி ஏட்' என்று எழுவாயோடு எழுதினால் அதுவும் சரிதான், ஏனெனில் அங்கே 'ஆஃப்டர்' பிரிபோசிஷன் அன்று, இணைப்புச்சொல். எதிர்மறைக்கு, ஜெரண்டுக்கு முன் 'நாட்' சேர்த்தால் போதும்: 'ஸாரி ஃபார் நாட் கமிங்'.

உண்மையான சிக்கல் 'டு' என்பதில்தான் இருக்கிறது. 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் அது வினையோடு சேர்ந்து வரும் துணைச்சொல். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதிலோ பிரிபோசிஷன். வேலை விண்ணப்பங்களின் கடைசி வரியில் அடிக்கடி காணும் 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' என்ற பிழை இந்த வேறுபாடு தெரியாததால் வருவதே. ஐயம் வரும்போது 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' பொருந்துவதால் அங்கே ஜெரண்ட் வரும். 'வான்ட் டு த ஹாலிடே' பொருந்தாததால் வராது. 'ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி' என்றால் முன்பு அதிகாலையில் எழுவது வழக்கம், இப்போது இல்லை என்று பொருள்; 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி' என்றால் அப்படி எழுவது பழகிப்போய்விட்டது என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்ட் டு திஸ் ஹீட்' என்று சொல்ல முடிவதால், சோதனை இங்கும் செல்லும்.

ஒரு விலக்கு: 'தவிர' என்ற பொருளில் வரும் 'பட்'. 'ஹி டிட் நத்திங் பட் க்ரை' என்பதில் வினை 'இங்' பெறாமல் அப்படியே நிற்கும்.