ஆறு வரிசை கடலைக்கு ஒரு வரிசை மக்காச்சோளம்

மானூர் பக்கம் எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் செவக்காடு, கிணத்துப் பாசனம். ஐப்பசி, கார்த்திகை மழையில கிணறு பெருகினதும், மார்கழிக் கடைசியில நிலக்கடலை போடுவோம். அதுல மக்காச்சோளத்தை ஊடுபயிரா வைக்க ஆரம்பிச்சு அஞ்சு வருசமாச்சு.

முதல் வருசம் ஆசைப்பட்டு, ரெண்டு வரிசை கடலைக்கு ஒரு வரிசைன்னு நெருக்கி வச்சேன். மக்காச்சோளம் ஆள் உசரம் வந்ததும் கடலைச்செடி நிழல்ல நெட்டையா வளந்துபோச்சு, காய் இல்ல. பிடுங்க வந்த மைனி, "சோளக்காட்டுல கடலையத் தேடுதீராக்கும்?"னு கேட்டாவ. இப்ப ஆறுக்கு ஒண்ணுதான்.

வரிசைக்கு வரிசை ஒரு அடி. கடலை சாணுக்கு ரெண்டு விதை, மக்காச்சோளம் சாணுக்கு ஒண்ணு. கடலை விதையில கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சைப் பொடி) பிரட்டிக்கோங்க. முளைச்சு வர்ற வரைக்கும் மயிலுக்குக் காவல் இருக்கணும், அது உங்க சாமர்த்தியம்.

களைக்கொல்லியிலதான் நான் நல்லா அடிபட்டேன். தனி மக்காச்சோளத்துக்கு அடிச்ச பழக்கத்துல அட்ரசினையே அடிச்சுட்டேன். மக்காச்சோளத்துக்கு ஒண்ணும் ஆகல, முளைச்சு வந்த கடலை இலையெல்லாம் ஓரம் மஞ்சளிச்சுக் கருகிப்போச்சு. ரெண்டும் சேந்து நிக்கிற காட்டுல பெண்டிமெத்தலின்தான் அடிக்கணும். ஏக்கருக்கு ஒரு லிட்டர், விதைச்ச மூணு நாளைக்குள்ள, மண்ணுல ஈரம் இருக்கும்போது.

யூரியாவை 25ஆம் நாளும் 45ஆம் நாளும் மக்காச்சோளத் தூருல மட்டும் வைங்க. கடலைக்குப் போனா தழைதான் பெருகும்.

கடலைக்கு வேண்டியது ஜிப்சம். 40 – 45 நாள்ல, பூவுலேருந்து காய் பிடிக்க மண்ணுக்குள்ள விழுது இறங்குற சமயம், ஏக்கருக்கு 160 கிலோ கணக்கு. செடியோரமாத் தூவி, கொத்திவிட்டு மண் அணைக்கணும். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியா வாங்காது, சுத்தியிருக்கிற மண்ணுலேருந்து நேரா எடுத்துக்கிடும். அதனால மேலாக்க இருக்கிற மண்ணுல ஜிப்சம் இல்லேன்னா பருப்பில்லாத பொக்குதான் மிஞ்சும். அணைச்ச பிறகு களைக்கொத்தியோட உள்ள இறங்காதீங்க, விழுது அறுந்துபோகும். களை தெரிஞ்சா கையால பிடுங்குங்க.

2018லேருந்து மக்காச்சோளத்துல குருத்தைத் தின்கிற படைப்புழு தொல்லை வேற. சாயங்காலம் வரப்புல நடக்கும்போதே குருத்தைப் பிரிச்சுப் பாருங்க. மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தா புழு உள்ளதான் இருக்கு. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி., 10 லிட்டர் தண்ணிக்கு 4 கிராம், குருத்துக்குள்ள இறங்குற மாதிரி அடிக்கணும். ஏழுல ஒரு வரிசைங்கிறதால டேங்க் கணக்கு கம்மிதான், ஒரே ஆள் முடிச்சிரலாம்.

100 நாள் தாண்டினதும் ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைச்சுப் பாருங்க. தோட்டுக்கு உள்பக்கம் கருத்திருந்தா முத்தியாச்சு. முதல்ல கதிரை ஒடிச்சு, தட்டையை அறுத்து வெளியேத்திருங்க. லேசாத் தண்ணி பாய்ச்சி மறுநாள் கடலை பிடுங்குங்க. காய்ஞ்ச செவல் மண்ணுல இழுத்தா பாதிக் காய் மண்ணுக்குள்ளயே நின்னுரும். நிக்கிறதைப் பொறுக்க ஊர்ப் பிள்ளைகள் வரும், வரட்டும்.