விராலுக்குத் தவளை லூர் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பெய்து சேர்வராயன் மலைத் தண்ணீர் கன்னங்குறிச்சிப் பக்கம் இறங்கத் தொடங்கிவிட்டால், சேலத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுத் தூண்டில் ராடும் ரீலுமாகப் பசங்களைப் பார்க்கலாம். அமெரிக்கக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். நம் ஏரியில் பாஸ் கிடையாது. பாசிக்குள் பதுங்கியிருந்து, மேலே அசைவதைப் பாய்ந்து அடிக்கும் வேலையை இங்கே விரால் பார்க்கிறது. பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளை லூர், அதாவது போலி இரை, விராலுக்கும் அப்படியே பொருந்துகிறது. அதனால் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. அதில் சொல்லாமல் விட்ட இடங்களில்தான் எல்லாரும் வரிசையாக இடறுகிறார்கள். முடிச்சு அவிழ்வது, ரீலில் சிக்கு விழுவது எல்லாம் போகப் போகத் தானே சரியாகிவிடும். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை.

அடித்த உடனே இழுப்பது

விரால் தவளையை அடிக்கும்போது தண்ணீர் வெடித்தது மாதிரி சத்தம் வரும். அதற்குக் கை பதறி வெடுக்கென்று இழுத்தால் லூர் மட்டும் பறந்து வரும். ரப்பர் தவளையின் இரண்டு தூண்டில் முள்ளும் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். பாசியில் மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மீன் வாயை மூடி ரப்பரை நசுக்கினால்தான் முள் வெளியே தலைகாட்டும். சத்தத்தை விட்டுவிட்டுத் தூண்டில் நரம்பைப் பாருங்கள். லூர் கண்ணில் படவில்லை, நரம்பு ஒரு பக்கமாக நகர்கிறது, கையில் கனம் ஏறுகிறது என்றால், அப்போது ஓங்கி இழுங்கள்.

மெல்லிய நரம்பு

ஆகாயத்தாமரைக்குள் போடுவதாக இருந்தால் 40 பவுண்டு தாங்கும் பிரெய்டுக்கு (பின்னல் நரம்பு) கீழே இறங்க வேண்டாம்.

நிற்காமல் இழுத்துக்கொண்டே வருவது

இலை முடிந்து தண்ணீர் தெரியும் இடைவெளியில் தவளையை நிறுத்துங்கள். அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

குஞ்சுக் கூட்டத்தின் மேல் லூர் போடுவது

இதை விலாவாரியாகச் சொல்லியே ஆக வேண்டும். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிற தவறு இது.

விரால் ஜோடி பாசியை விலக்கி வட்டமாக ஓர் இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும், ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு சில வாரங்கள் தாயும் தகப்பனும் குஞ்சுகளை விட்டு நகராமல் காவல் காக்கும், அதிலும் தகப்பன் மீனுக்குத்தான் பங்கு அதிகம். சின்னக் குஞ்சுகள் செம்பு நிறத்தில் இருக்கும். காற்றுக்கும் இரைக்கும் கூட்டமாக மேலே வரும்போது, மழையே இல்லாத நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் புள்ளி புள்ளியாகத் துடிக்கும். உற்றுப் பார்த்தால் அடியில் சிவப்பாக ஒரு திட்டு தெரியும். சட்டென்று எல்லாம் கீழே போகும், கொஞ்ச நேரத்தில் ஓர் அடி தள்ளி மறுபடி வரும். பக்கத்திலேயே பெரிய மீன் ஒன்று 'களக்' என்று காற்றை விழுங்கிவிட்டு இறங்கும்.

அந்தத் திட்டின் மேல் எதைப் போட்டாலும் அது அடிக்கும். பசியால் அல்ல, விரட்டுவதற்காக. பசியில் வரும் விரால் ஓரிரு முறை தவறினால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். காவலுக்கு நிற்பது போடப் போட வந்து மோதும், கரை வரைக்கும் துரத்தும். புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிகிறது.

போன மழைக்காலத்தில் ஓமலூர்ப் பக்கம் ஓர் ஏரியில் ஒரு தம்பி கூப்பிட்டுக் காட்டினான். "அண்ணா, இந்த எடத்துல மட்டும் போட்டப்பல்லாம் அடிக்குதுங்க." நான் கரையைச் சுற்றி அவனிடம் போய்ச் சேர்வதற்குள் ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டான். துணை மீன் ஏற்கெனவே சாக்குப் பையில் கிடந்தது. திட்டு அங்கேயேதான் மிதந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஜிலேபிக் கெண்டைகள் உள்ளே புகுந்தன. சிவப்புத் திட்டு இரண்டாக உடைந்தது, நாலாகச் சிதறியது, அப்புறம் தண்ணீர் சும்மா கிடந்தது. தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அவனை நான் திட்டவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் தெரிந்தே இதைச் செய்கிற பழைய ஆட்களும் இருக்கிறார்கள். சுலபமாகக் கிடைக்கிறது, மார்க்கெட்டில் விராலுக்கு நல்ல விலையும் உண்டு என்பதால் மழைக்காலம் முழுக்கத் திட்டு தேடியே அலைகிறார்கள். பிறகு கோடையில் "ஏரியில் விராலே இல்லை" என்று அவர்களே குறை சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

பாஸும் கூடு காக்கிற மீன்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் அதனால்தான் ஜூன் பிற்பாதி வரை பாஸ் பிடிக்க அனுமதிப்பதில்லை. நம் கிழக்குக் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறது. ஏரி விராலுக்கு அந்தத் தடையை நாமே போட்டுக்கொள்ளலாம்: திட்டு தெரிந்தால் ராடைத் தூக்கிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விடுவது.

தெரியாமல் மாட்டிவிட்டால்? மீனைத் தண்ணீர் ஓரத்திலேயே வைத்து, குறட்டால் முள்ளைக் கழற்றி, பிடித்த அதே இடத்தில் உடனே விடுங்கள். போட்டோவுக்காக மேடு வரை தூக்கிப் போக வேண்டாம். அது இல்லாத ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுகளுக்கு ஆபத்து. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை முன்கூட்டியே குறட்டால் அழுத்தி மடக்கி வைத்திருந்தால் கழற்றுவது நொடியில் முடியும். குஞ்சுகளைத் துண்டால் வாரி வீட்டுத் தொட்டியில் விடும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேட்காமல் ஏரியில் இறங்குவது

பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். முதலில் குத்தகைதாரரைப் பார்த்துப் பேசுங்கள். பிடித்தாலும் திரும்ப விட்டுவிடுவேன் என்று சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அறுந்த நரம்பை விட்டுவிட்டு வருவது

பிரெய்டு மட்காது. கொக்கும் முக்குளிப்பானும் காலில் சுற்றிக்கொண்டு பாசிக்குள்ளேயே சாகும். பாசியில் சிக்கிய லூரை அறுப்பதற்கு முன் வேறு பக்கம் போய், எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும். அப்படியும் அறுந்துபோனால், கைக்கு எட்டுகிற வரை சுற்றி எடுத்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.