துனீசியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஓர் அரசு ஏன் கவிழ்கிறது?' என்ற தலைப்பில் இளம் செய்தியாளர்கள் எழுதிய கட்டுரைகளைச் சென்ற மாதம் ஒரு பயிற்சி முகாமில் திருத்தினேன். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் துனீசியாவை எடுத்திருந்தார்கள். ஏழுக்கும் ஒரே தொடக்கம்: 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது பூஅசீசி தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி சவூதிக்குத் தப்பி ஓடினார். தேதிகள் சரி. அதற்குப் பிறகு வந்தவை, தொடக்க நாட்களில் நான் செய்த அதே தவறுகள். பெயர்ப்பிழை, எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் திருத்திவிடுவார்கள்.

பூஅசீசி பட்டதாரி அல்ல

பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 'வேலை கிடைக்காத பட்டதாரி' என்ற கதை முதல் சில நாட்களில் பரவி, இன்றுவரை ஓயவில்லை. படித்தவர்களுக்கு வேலையில்லை என்பது அங்கே உண்மைதான். ஆனால் நகராட்சி ஆட்களிடம் தராசைப் பறிகொடுத்த தெருவோர வியாபாரியின் குறை வேறு, பட்டத்தோடு வீட்டில் முடங்கியவனின் குறை வேறு. இரண்டு பேரும் ஒரே தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் நாம் சொல்ல வேண்டிய செய்தி.

நாட்டுச் சராசரியை நம்புவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2010 அக்டோபரில், உரத் தொழிலுக்குப் பாஸ்பேட் போன்ற வெளிநாட்டுச் சரக்கு தருவித்துக் கொடுக்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, துனீசியாவில இருந்து சரக்கு எடுக்கலாம்னு பார்க்கேன். நாடு அமைதியாத்தானே இருக்கு?" நான் புள்ளிவிவரங்களை அடுக்கினேன். ஆண்டுக்கு 4, 5 சதவீத வளர்ச்சி. உலகப் பொருளாதார மன்றத்தின் போட்டித்திறன் பட்டியலில் 32-ஆவது இடம், ஆப்பிரிக்காவிலேயே முதலிடம். அதே பட்டியலில் இந்தியா 51. "தைரியமா எடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் முன்பணம் கட்டினார். 2010-இல் ஏறத்தாழ 80 லட்சம் டன்னாக இருந்த அந்த நாட்டின் பாஸ்பேட் உற்பத்தி, அடுத்த ஆண்டு 25 லட்சம் டன்னுக்கு விழுந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நான் சொன்ன எண் எதுவும் பொய்யில்லை. ஆனால் அவை துனிஸ், சூஸ், ஸ்ஃபாக்ஸ் என்ற கடற்கரை நகரங்களையும், உள்நாட்டு மாவட்டங்களான சிதி பூசித், கஸ்ஸரீன், கஃப்சாவையும் ஒரே பானையில் கலக்கிய எண்கள். ஏற்றுமதிக்கு மட்டும் உற்பத்தி செய்யும் ஆலைகளுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வரிவிலக்கு கொடுத்தது. அந்த ஆலைகள் துறைமுகத்தை ஒட்டியே முளைத்தன. முதல் அதிபர் பூர்கிபா மோனஸ்தீர்காரர், பென் அலி ஹம்மாம் சூஸ்காரர். இரண்டுமே கடலோர ஊர்கள். கஃப்சாவில் நூறாண்டுக்கு மேலாகப் பாஸ்பேட் தோண்டுகிறார்கள். கல் ரயிலேறிக் கடற்கரைக்குப் போகும், அங்கே உரமாகும். தோண்டிய ஊருக்குத் தூசியும் தண்ணீர்த் தட்டுப்பாடும்தான் மிச்சம். 1980-களுக்குப் பிறகு சுரங்க நிறுவனம் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தது.

2008 ஜனவரியில் அந்த நிறுவனம் ஆள் எடுத்த முடிவுகளை வெளியிட்டபோது, ரெதேயஃப் என்ற சுரங்க ஊரில் கொந்தளிப்பு எழுந்தது. பட்டியலில் வேண்டியவர்களுக்கே இடம் என்பது மக்களின் குற்றச்சாட்டு. வேலையில்லாத இளைஞர்கள், கணவரை இழந்த பெண்கள், உள்ளூர்த் தொழிற்சங்கத்தார் எல்லோரும் ஏறக்குறைய ஆறு மாதம் போராடினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். நான் 'தைரியமா எடுங்க' என்று சொன்னதற்கு இரண்டரை ஆண்டு முன்பு, அதுவும் அண்ணாச்சிக்கு வேண்டிய அதே பாஸ்பேட் மண்ணில் நடந்தது இது. கஃப்சா என்று ஒருமுறை தேடியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

முகாமில் ஒரு பெண், 'வளர்ச்சி இருந்தும் புரட்சி வந்தது வியப்பு' என்று எழுதியிருந்தார். யாருக்கு வளர்ச்சி என்று கேட்டேன். "சார், உலக வங்கி எண்தானே?" என்றார். அதே உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014-இல் இன்னொரு கணக்கும் வெளியிட்டார்கள்: பென் அலி குடும்பத்தோடு தொடர்புள்ள 220 நிறுவனங்கள், நாட்டின் தனியார் துறை லாபத்தில் 21 சதவீதத்தை அள்ளியிருந்தன. இந்த லாபமும் வளர்ச்சிக் கணக்குக்குள்தான் இருந்தது. மாவட்டவாரியாகப் பிரிக்காத, யார் கைக்குப் போகிறது என்று சொல்லாத எண்ணை வைத்து ஒரு நாட்டை 'நிலையானது' என்று எழுதாதீர்கள். அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

'ஃபேஸ்புக் புரட்சி'

போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன தொழிற்சங்கக் கிளைகளைச் சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

விலைவாசி மட்டுமே காரணம் என்பது

1983 டிசம்பர் கடைசியில் மானியத்தை வெட்டியதும் ரொட்டி விலை இரட்டிப்பானது. தெற்கில் கிளம்பிய கலகம் தலைநகர் வரை பரவியது, பலர் செத்தார்கள். 1984 ஜனவரி 6 அன்று பூர்கிபா உயர்வைத் திரும்பப் பெற்றார், தெரு அடங்கியது. பென் அலியும் 2011 ஜனவரி 13 அன்று விலைக் குறைப்பை அறிவித்துப் பார்த்தார். மறுநாள் அவர் நாட்டில் இல்லை.

தேர்தல் வந்ததும் கதையை முடிப்பது

2011-இல் தேர்தல், 2014-இல் புதிய அரசியலமைப்பு, 2015-இல் நான்கு குடிமை அமைப்புகளின் கூட்டணிக்கு அமைதி நோபல். ஏழு கட்டுரைகளில் ஐந்து இங்கேயே நின்றுவிட்டன. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியதும், அன்று பலர் தெருவில் இறங்கி அதைக் கொண்டாடியதும் அவற்றில் இல்லை.

ஏன் கொண்டாடினார்கள் என்று கேட்டால் முதலில் தெற்கே தத்தாவீனுக்குப் போங்கள். 2017-இல் அங்கே இளைஞர்கள் அல் காமூர் பாலைவனத்தில் கூடாரம் போட்டு, எண்ணெய்க் குழாயின் வால்வை மூடினார்கள். கேட்டது இரண்டு: எங்களுக்கு வேலை, எங்கள் மண்ணின் எண்ணெய் வருமானத்தில் எங்கள் வட்டாரத்துக்குப் பங்கு. அரசு ஒப்பந்தம் போட்டது. 2020-இல், ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்று சொல்லி, மறுபடியும் அதே குழாயை மூடினார்கள். தேர்தலில் வந்த அரசும் சொன்னதைச் செய்யவில்லை என்ற இந்தக் கசப்பிலிருந்துதான் அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டும்.