செம்பனைத் தோட்டத்தில் திகில் படம்: பயத்தைக் கெடுக்கும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்து லயத்து வீடுகளிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) செம்பனைத் தோட்டங்களிலும் உளவியல் திகில் குறும்படம் எடுப்பவர்களுக்கு இடமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலிதான்.

முதல் காட்சியிலேயே இசை உறுமத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். அப்புறம் எது வந்தாலும் உறைக்காது. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசையே கிடையாது. அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவைச் சத்தங்களும் சூழலின் ஒலியும் அமைதியும்தான். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் வெறும் சூழலொலியைப் பதிவு செய்யுங்கள். அது கையில் இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும். வசனம் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். விசிறிச் சத்தத்தையும் பூச்சிச் சத்தத்தையும் தனித்தனியே எடுத்துப் பிறகு சேருங்கள். அப்போதுதான் கதாபாத்திரம் திரும்புவதற்கு இரண்டு விநாடி முன்பே பூச்சிச் சத்தத்தை மட்டும் இறக்க முடியும். ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று பிடிபடாது. 50 ஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த உறுமலை மட்டும் நம்பாதீர்கள், கைப்பேசி ஸ்பீக்கரில் அது அநேகமாகக் கேட்காது.

அடுத்தது கேமராவை எந்நேரமும் சாய்த்துப் பிடிப்பது. நேரான பிரேமுக்குக் கண் பழகிய பிறகு ஒரு தடவை சாய்த்தால் போதும். அதைவிடத் தோட்டத்தையே பயன்படுத்தலாம். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுவது வழக்கம். கேமராவைப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினால் மரவரிசைகளுக்கு நடுவே சந்துகள் திறந்து திறந்து மூடும். ஒரு சந்தின் கோடியில் ஆள் நிற்கட்டும். 50 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸ் போடுங்கள். 24 மில்லிமீட்டரில் ஆள் புள்ளியாகிவிடுவார். அவரைக் கண்டதும் கேமரா நிற்கவே கூடாது. நின்றால், 'இதோ பார்' என்று விரல் நீட்டியது போலாகிவிடும்.

இருட்டு என்பதற்காக எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் திரை முழுக்கப் புள்ளிதான் மிஞ்சும். சமையலறை டியூப்லைட் ஒன்று எரியட்டும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 பிரேம் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 விநாடி வையுங்கள். 1/60 வைத்தால் விளக்கு மினுக்கும். அந்திக் காட்சிக்கு அரை மணி நேரம்கூட வெளிச்சம் நிற்காது, மரத்தடியில் இன்னும் சீக்கிரமே இருட்டிவிடும். ஒத்திகையை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.