ஹெட் வேலைக்குப் பிறகு அம்பாசடரில் கம்ப்ரஷன் போனால்

ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் வால்வுகள் உள்ள பகுதியை, இறக்கி வேலை பார்த்த வண்டி, வேலைக்கு முன்பு இருந்ததைவிட மந்தமாக ஓடுகிறதா? மறுபடியும் ஹெட்டை இறக்க அவசரப்படாதீர்கள். முதலில் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அழுத்தத்தை, அளந்து பாருங்கள். அப்படி என் பட்டறைக்கு வரும் பழைய அம்பாசடர்களில் பல, ஹெட்டைத் தொடாமலேயே சரியாகிவிடுகின்றன. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டின் காசும் லேத் கூலியும் மிச்சம்.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு, புஷ்ராட் வைத்த பழைய பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜினுக்கு. பிறகு வந்த இசுசு 1.8-க்கும் டீசலுக்கும் அளவுகள் வேறு.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வேண்டும். ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கிற கேஜைவிட, பிளக் ஓட்டையில் திருகி மாட்டுகிற கேஜ்தான் நம்பிக்கையானது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். காயிலுக்கு வரும் இக்னிஷன் வயரைப் பிடுங்கி ஒதுக்கி வையுங்கள்; பிளக் ஓட்டைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் பொறி இருக்கக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரை வரைக்கும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். இந்த மிதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டர் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது, நல்ல என்ஜின்கூடச் செத்த மாதிரி காட்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் அப்படித்தான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி. முள் எங்கே போய் நிற்கிறது என்பதோடு, முதல் அடியில் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். முதல் அடியில் கொஞ்சமாக ஏறி, அப்புறம் படிப்படியாக மேலே போனால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். முதல் அடியிலும் குறைவு, கடைசி வரைக்கும் ஏறவே மறுக்கிறது என்றால் வால்வு அல்லது கேஸ்கட்.

இந்த என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் குறைவு. அதனால் 110 முதல் 130 பிஎஸ்ஐ காட்டினால் எனக்குத் திருப்தி. மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். 10 சதவீதத்துக்கு மேல் போனால் தேட ஆரம்பிக்கலாம். ஊட்டியில் வைத்து அளக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: 2,200 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிசு. அங்கே எல்லா சிலிண்டரும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துத்தான் காட்டும். அது கோளாறு இல்லை.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால், முதல் வேலையாக டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, பாருங்கள். காசே ஆகாத சோதனை இது, குற்றவாளியும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். காரணம் இந்த என்ஜினின் அமைப்பு. ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. புது கேஸ்கட் போட்டு, கொஞ்சம் ஓட்டிவிட்டு ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கும்போது கேஸ்கட் அமுங்கி ஹெட் இறங்குகிறது, கூடவே ராக்கரும் இறங்குகிறது. ராக்கரை அடியிலிருந்து தள்ளும் புஷ்ராட்டின் நீளம் மாறுவதில்லை. எனவே வால்வு இடைவெளி குறைந்துவிடும். முறுக்கியவர் டேப்பெட்டை மறுபடி செட் பண்ணாமல் விட்டால் வால்வு முழுதாக உட்காராது.

போன மழைக்காலத்தில் ஒரு மார்க் 4 வந்தது. வேறொரு பட்டறையில் வால்வு கிரைண்டிங் முடித்து, ஹெட்டையும் மறுமுறை முறுக்கி அனுப்பியிருந்தார்கள். கேஜ் காட்டியது வரிசையாக 125, 120, 70, 120. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட், அதாவது முன்னாலிருந்து எண்ணினால் ஐந்தாம் வால்வு. அந்த ராக்கரை விரலால் ஆட்டினால் அசைவே இல்லை. 4 தௌ ஃபீலர் தகடுகூட நுழையவில்லை (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லாக் நட்டைத் தளர்த்தி, 15 தௌ தகடு லேசாக உரசிக்கொண்டு போய்வரும் அளவுக்கு ஸ்க்ரூவைத் திருப்பி, நட்டை இறுக்கிவிட்டு மறுபடி தகட்டை விட்டுப் பார்த்தேன். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே சுற்றிவிடும், அதனால் இந்த இரண்டாவது பார்வை கட்டாயம். கேஜ் 118-க்கு வந்துவிட்டது. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு கருகியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே சீட்டில் உட்காரும் நேரத்தில்தான்.

செட் பண்ணும் முறைக்கு ஒன்பது கணக்கு போதும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். முழுதாகத் திறந்து நிற்கும் வால்வின் எண்ணை 9-இலிருந்து கழித்தால் வருவதுதான் செட் பண்ண வேண்டிய வால்வு. எட்டு திறந்திருந்தால் ஒன்று, நான்கு திறந்திருந்தால் ஐந்து. இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. ராக்கர் மூடியைக் கழற்றிய கையோடு புஷ்ராட்டுகளையும் பாருங்கள்: வளைந்திருக்கிறதா, அடிமுனை அதைத் தாங்கும் டேப்பெட் துண்டின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா, விளிம்பில் ஏறி நிற்கிறதா?

டேப்பெட் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் வரவில்லையா? பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, சில சுற்று சுற்றவிட்டு மறுபடி அளங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தால், அதிலும் 2-ம் 3-ம் என்றால், நடுவில் கேஸ்கட் ஊதியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டுக்கும் எக்ஸாஸ்ட் போர்ட் ஒன்றுதான், சூடெல்லாம் அங்கேதான் சேரும்.

உறுதிப்படுத்தக் காற்று விட்டுப் பாருங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து நிப்பிள் வைத்து வெல்ட் பண்ணச் சொன்னால் லேத்தில் செய்து தருவார்கள். அந்த சிலிண்டரின் பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடிய நிலையில் இருக்க வேண்டும். நாலாவது கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. ஸ்டார்ட்டிங் ஹேண்டில் சொருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். காற்று பிஸ்டனைத் தள்ளி என்ஜின் சுற்றினால் ஹேண்டில் கையை உடைத்துவிடும். 60 பிஎஸ்ஐ விட்டுவிட்டுக் காது கொடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் குழாயில் என்றால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். பக்கத்துப் பிளக் ஓட்டையில் வந்தால் கேஸ்கட். சூடு தணிந்தபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தால், அதில் குமிழி வருவது கேஸ்கட்டோ ஹெட் விரிசலோ.

ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், லேத்திலிருந்து திரும்பி வரும்போது அங்கேயே ஒரு சோதனை கேளுங்கள். பிளக்குகளை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் விடச் சொல்லுங்கள். போர்ட்டில் கசிவு தெரிந்தால் லேப்பிங் (வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) போதாது. ஈயமில்லாத பெட்ரோல் மட்டுமே என்று 2000-ல் நாடு முழுவதும் ஆனபின், இந்த இரும்பு ஹெட்டின் எக்ஸாஸ்ட் சீட்டுகள் மெதுவாக உள்வாங்கி இடைவெளியைத் தின்கின்றன. கடினமான சீட் இன்செர்ட் போட இதுதான் நேரம். கேஸ்கட் போடும்போது அதிலுள்ள மேல், முன் அடையாளங்களைப் பார்த்து வையுங்கள். முறுக்குவது நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்சோடு.

நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் கதை வேறு. டைமிங் செயினைக் கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் எல்லாமே சேர்ந்துதான் விழும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் புள்ளிகளும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். போரிங் செய்து புது ரிங் போட்ட வண்டியில் ஆரம்பத்தில் குறைவாகக் காட்டுவது இயல்பு. ரிங்குகளின் வாய்கள் ஒரே கோட்டில் இல்லாமல், மேல்பக்கம் மேலே பார்த்து மாட்டியிருந்தால், 1,000 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். அதற்குள் ஹெட்டை மறுமுறை முறுக்கியிருந்தால், டேப்பெட்டைச் செட் பண்ணிவிட்டு அப்புறம் கேஜை மாட்டுங்கள்.